கேமரா அசையக் கூடாது... கை அசையலாம்!

"ப்பா, நான் 'ம்'னு சொன்னதும் டார்ச்சைப் போடுங்க. 'போதும்'னு சொன்னதும் அணைச்சிருங்க. அவ்வளவுதான்."

"கை நடுங்குமே சாமி..."

"நடுங்கட்டும். போன் நடுங்காதுல்ல?"

பழனி அடிவாரத்தில் ஒரு மொட்டை மாடி. இரவு எட்டு மணி. ஒருபக்கம் மலைக்கோயில் விளக்குகள், இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலைகளின் கறுப்புக் கோடு. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டில் நிற்கிறார் அப்பா. கையில் மளிகைக் கடையில் வாங்கிய சின்ன டார்ச். அவருக்கு எதிரே டிரைபாடில் மகளின் போன். அந்த டிரைபாட், பரணிலிருந்து நாலு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கீழே இறங்கியிருந்தது.

மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அப்பா அடிவாரத்தில் 30 வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர்.

மொட்டையும் சந்தனமும்

பழனிக்கு வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் மூன்று வேலைகள் உண்டு. முடி இறக்குவது, மலையேறி முருகனைப் பார்ப்பது, இறங்கி வந்து போட்டோ எடுத்துக்கொள்வது. அந்த மூன்றாவது வேலைதான் அவர் பிழைப்பு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளை அழாமல் நிற்க வைத்து, பின்னால் மலை தெரியும்படி ஒரே கிளிக்கில் முடித்துவிடுவார். ஃபிலிமில் 36 படம்தான். ஒன்று வீணானால் அவர் காசு.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அமுக்கணும். கை ஆடுனா படம் ஆடும்." கடையில் வேலை கற்க வந்த பையன்களுக்கு அவர் சொன்ன முதல் பாடம் அது.

டிஜிட்டல் வந்தது, சமாளித்தார். எல்லார் கையிலும் போன் வந்தது, அதையும் கொஞ்ச நாள் சமாளித்தார். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம் என்று ஓட்டினார். அதற்குப் பிறகு வந்ததைத்தான் சமாளிக்க முடியவில்லை. காபி டம்ளர் தட்டில் மோதிச் சத்தம் போட ஆரம்பித்தது. கையெழுத்து மாறியது. ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துப் படம் ஆடிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அடுத்த வாரமே கடையை வாடகைக்கு விட்டுவிட்டார். இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள்.

நரம்பு டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடுவில் ஆரம்பித்து வெளியே வரும்படி ஒரு சுருள் வரையச் சொன்னார். கை நடுக்கத்தைப் பார்க்க டாக்டர்கள் வழக்கமாக வைக்கும் பரிசோதனை அது. வரைந்தார். ரம்பப் பல் மாதிரி வந்தது. மாத்திரை எழுதிய சீட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, டாக்டர் திருப்பிக் கொடுத்த அந்தத் தாளை ஆஸ்பத்திரி வாசலிலேயே கசக்கிப் போட்டுவிட்டார். கூடப் போயிருந்த மகள் அதைப் பார்த்தாள்.

மொத்தமும் வெள்ளை

லைட் பெயின்டிங் ஆசை மகளுக்கு இன்ஸ்டாகிராமில் வந்தது. இருட்டில் யாரோ வெளிச்சத்தாலேயே சிறகு வரைந்திருந்தார்கள். 'இதென்ன பெரிய விஷயம்' என்று மாடிக்குப் போனாள். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, டார்ச்சைச் சுற்றினாள். முதல் படம் இருட்டாக வந்தது. ஷட்டர் நேரத்தைக் கூட்டினாள். அடுத்த படம் மொத்தமும் வெள்ளை. மூன்றாவது படத்தில் போனே கீழே விழுந்துவிட்டது.

கீழே வந்து கட்டிலில் படுத்திருந்த அப்பாவிடம் கேட்டாள். "ப்பா, ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்கணும்?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "நூறு. அதுக்கு மேல போகாத."

"அவ்வளவு கம்மியாவா?"

"நாங்க நூறு ஃபிலிம்லதான் குடும்பம் நடத்துனோம்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பினார். "போனை மலையைப் பார்த்து வெச்சியா? அங்க அத்தனை லைட் எரியுது. இருபது செகண்ட் திறந்து வெச்சா வெள்ளையாத்தான் வரும். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி வை. பாட்டில்ல சாய்க்காத. பரண்ல டிரைபாட் கிடக்கு."

விஷயம் இவ்வளவுதான். கேமராவின் சென்ஸாரைக் குழாயடியில் வைத்த குடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம்தான் தண்ணீர். பகலில் குழாய் முழுசாகத் திறந்திருக்கிறது, கண் சிமிட்டும் நேரத்தில் குடம் நிரம்பிவிடும். இருட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். அதனால் 10, 20, 30 விநாடி என்று குடத்தை அப்படியே வைத்திருக்கலாம். அந்த நேரத்துக்குள் டார்ச் எங்கெல்லாம் போகிறதோ, அந்த இடமெல்லாம் படத்தில் பதிந்துகொண்டே வரும். டார்ச் பிடித்த ஆள்மீது வெளிச்சம் படாததால் அவர் தெரியமாட்டார். கோடு மட்டும் தெரியும்.

பழைய கேமராக்களில் வேக எண்கள் முடியும் இடத்தில் 'பி' என்று ஓர் எழுத்து இருக்கும். பட்டனை அழுத்தி வைத்திருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும். 'பல்பு' என்ற சொல்லின் முதல் எழுத்து அது. ஒரு காலத்தில் ரப்பர் பல்பை அமுக்கி, காற்றழுத்தத்தால் ஷட்டரைத் திறந்தார்கள். அந்தப் பெயர் அப்படியே தங்கிவிட்டது. மின்னலும் திருவிழா வாணவேடிக்கையும் எடுக்க அப்பா அந்தப் 'பி'யைத்தான் நம்பியிருந்தார். மகள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்த வித்தை, அவர் பரணில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

இருட்டில் ஒரு வேல்

போனையும் பார்த்துக்கொண்டு டார்ச்சையும் சுற்ற ஓர் ஆளால் முடியவில்லை. அதனால்தான் அப்பா அன்று மாடிக்கு வரவேண்டியதாயிற்று.

"என்னப்பா வரையறீங்க?"

"பழனியில வேற என்ன வரையறது? வேல்தான்."

"ம்!"

டார்ச் எரிந்தது. இடுப்பு உயரத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறியது. இலை மாதிரி விரிந்து, உச்சியில் கூராகி, மறுபக்கம் இறங்கி, தொடங்கிய கோட்டிலேயே வந்து சேர்ந்தது. 14 விநாடி. "போதும்!"

போன் திரையில் படம் வந்தது. வேல்தான். ஆனால் அதன் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன அலைகள். டாக்டர் கொடுத்த தாளில் வந்த அதே அலைகள்.

மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அழிச்சிட்டு இன்னொண்ணு எடுக்கலாமாப்பா?"

அவர் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவர்போல ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஃபோகஸ் சரியா இருக்கு" என்றார். "அழிக்க வேண்டாம்."

நடையைப் பார்க்க எடுத்த படம்

இந்தக் கலை எப்படித் தொடங்கியது என்று அன்றிரவு மகள் தேடிப் பார்த்தாள். கிடைத்த தகவல் அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

1889-ல் பிரான்ஸில் எட்டியன் ஜூல் மாரே, ஜார்ஜ் டெமனி என்ற இருவர், மனித உடல் எப்படி அசைகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவருடைய உடலில் மூட்டு மூட்டாகச் சின்ன மின்விளக்குகளைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டு, ஷட்டரைத் திறந்து வைத்துப் படம் எடுத்தார்கள். ஆள் தெரியவில்லை. அவர் நடை மட்டும் வெளிச்சக் கோடுகளாகப் பதிந்தது. லைட் பெயின்டிங் வகையில் முதல் படம் என்று சொல்லப்படுவது அதுதான். அந்தப் படத்தின் பெயருக்கு 'நோயுற்ற நடை, முன்பக்கத்திலிருந்து' என்று பொருள்.

அழகுக்காக எடுத்த படமில்லை அது. உடம்பு எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க எடுத்தது.

1914 வாக்கில் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதி, தொழிலாளர்களின் கைகளில் சின்ன விளக்குகளைக் கட்டி இதேபோல் எடுத்தார்கள். வேலையில் எந்த அசைவு வீண், எதைக் குறைத்தால் அலுப்பு குறையும் என்பதைக் கோடுகளைப் பார்த்தே கணக்கிட்டார்கள்.

கலைஞர்கள் கைக்கு இது வந்தது பிறகுதான். 1935-ல் மேன் ரே என்ற கலைஞர், கேமரா முன் நின்று பேனா டார்ச்சால் காற்றில் எதையோ கிறுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். 2009-ல் எலன் கேரி என்ற புகைப்படக் கலைஞர் அந்தப் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். கிறுக்கல் என்று எல்லோரும் நினைத்தது மேன் ரேயின் கையெழுத்து! 74 வருஷம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

பிக்காசோவின் 15 நிமிடம்

எல்லோருக்கும் தெரிந்த லைட் பெயின்டிங் படங்கள் 1949-ல் வந்தவை. 'லைஃப்' பத்திரிகையின் புகைப்படக்காரர் ஜியோன் மிலி, தெற்கு பிரான்ஸில் உள்ள வலோரிஸில் ஓவியர் பாப்லோ பிக்காசோவைப் பார்க்கப் போனார். பனிச்சறுக்கு ஆடுகிறவர்களின் காலணியில் விளக்கு கட்டித் தான் எடுத்த படங்களைக் காட்டினார். ஒரு சோதனைக்கு 15 நிமிடம் தருகிறேன் என்றாராம் பிக்காசோ. முடிவைப் பார்த்ததும், மேலும் மேலும் வரைய ஒப்புக்கொண்டார். 67 வயது மனிதர் இருட்டறையில் சின்ன விளக்கை வைத்துக்கொண்டு காளையும் பூச்சாடியும் மனிதத் தலைகளுமாக வரைந்து தள்ளினார்.

அதில் ஒரு விஷயம் உண்டு. காற்றில் போட்ட கோட்டை அவரால் பார்க்க முடியாது. முன்பு எங்கே தொடங்கினோம் என்பது கைக்குத்தான் நினைவிருக்க வேண்டும். ரப்பர் கிடையாது, திருத்தம் கிடையாது. கை எப்படிப் போனதோ அதுதான் படம்.

மகள் இதையெல்லாம் காலையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். 'நோயுற்ற நடை' என்ற இடத்தில் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை படி."

நீங்களும் எடுக்கலாம்

அடுத்த மூன்று வாரம் மொட்டை மாடிதான் ஸ்டூடியோ. அப்பாவும் மகளும் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

* போனில் 'புரோ' மோடுக்குப் போய் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 10 முதல் 20 விநாடி வையுங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் லைட் பெயின்டிங்குக்குத் தனி மோடே இருக்கிறது. ஐபோனில் 'லைவ் போட்டோ' எடுத்து, பிறகு அதை 'லாங் எக்ஸ்போஷர்' ஆக மாற்றலாம். அதில் சில விநாடி அசைவுதான் கிடைக்கும் என்பதால் சின்னக் கோடுகளுக்கு மட்டும் சரி. தனி கேமரா என்றால் அப்பர்ச்சர் எஃப் 8-ல் ஆரம்பியுங்கள்.
* டிரைபாட் இல்லையென்றால் அரிசி நிரப்பிய துணிப்பையில் போனைப் பதித்து வைக்கலாம். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து போன் அதிர்ந்தால் படம் போச்சு.
* விரல் பட்டும் போன் ஆடும். அதனால் 3 விநாடி டைமர் வையுங்கள்.
* ஃபோகஸ் முக்கியம். ஆளை நிற்க வைத்து, டார்ச்சை எரியவிட்டு, அந்த வெளிச்சத்தின் மீது திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஆரம்பிக்கலாம்.
* வரைகிறவர் கறுப்புச் சட்டை போடுவது நல்லது. டார்ச்சின் முகம் லென்ஸைப் பார்க்க வேண்டும். கலர் வேண்டுமென்றால் சாக்லேட் சுற்றி வரும் கலர் கண்ணாடித் தாளை டார்ச்சில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் போதும்.
* ஆளும் தெரிய வேண்டுமா? கடைசியில் அவரை அசையாமல் நிற்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விநாடி அவர்மீது டார்ச் அடியுங்கள்.
* கேமராவைப் பார்த்து நின்று எழுதினால் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும். எடுத்த பிறகு கேலரியில் படத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் வேல், விளக்கு, கோலம் என்றால் அந்தத் தொல்லையே இல்லை.
* தமிழில் பேர் எழுதும்போது எழுத்துக்கு எழுத்து டார்ச்சை அணைத்துக்கொண்டு நகருங்கள். 'ம்' எழுதினால், அணைத்துவிட்டு மேலே போய் ஒருமுறை 'டிக்' என்று போட்டு அணைத்தால் புள்ளி விழுந்துவிடும்.

பழனிக்காரர்களுக்கும் பழனிக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று. 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குச் செல்போன், கேமரா கொண்டுபோகத் தடை இருக்கிறது. அதனால் மேலே எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கீழேயிருந்து எடுக்கவே நிறைய இருக்கிறது. இருட்டிய பிறகு ஓடும் விஞ்ச் வண்டியின் வெளிச்சம் மலைச்சரிவில் இழுக்கும் கோடு ஒன்று. வையாபுரிக் குளத்துத் தண்ணீரில் மலை விளக்குகள் நீளும் கோடு இன்னொன்று. இவற்றில் டார்ச் பிடிக்க ஆளே வேண்டாம். போனை அசையாமல் வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும்.

அப்பத்தாவின் மாவளி

இணையத்தில் லைட் பெயின்டிங் என்று தேடினால், தீப்பொறி வட்டமாகப் பறக்கும் படங்கள் வரிசையாக வரும். அவை பெரும்பாலும் ஸ்டீல் வூல் என்ற இரும்பு நார்ச் சுருளைக் கொளுத்திச் சுற்றி எடுப்பவை. எரியும் இரும்புத் துணுக்குகள் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து, காய்ந்த புல்லில் விழுந்தால் தீ. மகளும் அதைத்தான் வாங்கித் தரச் சொன்னாள். அப்பா ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றார்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். "இதென்னடி அதிசயம்? கார்த்திகைக்கு உங்க தாத்தா சுத்துன மாவளிதானே இது!"

அப்படித்தான். ஆண் பனையின் காய்ந்த பூக்கதிரைக் குழியில் போட்டுக் கொளுத்தி, மூடிக் கரியாக்க வேண்டும். அந்தக் கரியைப் பொடித்து, பருத்தித் துணியில் இறுகச் சுற்றிக் கட்ட வேண்டும். பிளந்த பனைமட்டைக்கு நடுவில் அதை வைத்துக் கட்டி, நீளக் கயிறு போட்டு, நுனியில் கங்கு வைத்துச் சுற்றினால் பொறி பூவாய்க் கொட்டும். திருக்கார்த்திகைக்குப் பையன்கள் சுற்றிய வாணவேடிக்கை அது. பட்டாசுக் கடை வந்த பிறகு பல ஊர்களில் மறந்தே போய்விட்டது.

"செய்யத் தெரியுமா அப்பத்தா?"

"பூ எடுத்துட்டு வா. தெரியுதா இல்லையானு பாப்போம்."

கார்த்திகை தீபத்தன்று, மலையில் தீபம் ஏற்றிச் சொக்கப்பனை கொளுத்திய பிறகு, குடும்பம் ஆயக்குடிப் பக்கம் சொந்தக்காரர் காட்டுக்குப் போனது. கொய்யாத் தோப்புக்குத் தள்ளி, உழுது போட்டிருந்த வெறும் மண். பக்கத்தில் வைக்கோல் போர் இல்லை, காய்ந்த சோகை இல்லை. ஒரு குடம் தண்ணீர், நனைத்த சாக்கு. சுற்றுவது பெரியப்பா மகன். பருத்திச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் துண்டு. இதெல்லாம் அப்பாவின் கட்டளை. மாவளியும் நெருப்புதான். குழந்தைகள் பத்தடிக்கு இந்தப் பக்கம்.

பிரச்னை வேறு இடத்திலிருந்து வந்தது. வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு போனில் டார்ச் போட்டார்கள். இரண்டு படம் வெளிறிப் போயின. மாவளி பாதி எரிந்துவிட்டது. மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா ஒரு காலண்டர் அட்டையின் கறுப்பு முதுகைக் கிழித்து எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் வந்து நின்றார். "முப்பது செகண்ட் போடு. நான் பாத்துக்கறேன்."

ஷட்டர் திறந்தது. யாரோ டார்ச் போட்டார்கள். அப்பாவின் அட்டை லென்ஸுக்கு முன்னால் வந்தது. டார்ச் அணைந்ததும் விலகியது. பொறி கொட்டும்போது விலகும், வேண்டாத வெளிச்சம் வந்தால் மூடும். திருவிழா வாணவேடிக்கைக்குக் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, இப்படித்தான் ஒரே ஃபிலிமில் நாலைந்து வெடியைப் பிடிப்பார்களாம். அட்டை பிடித்த கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது போனைத் தொடவில்லையே!

படத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பொன் வட்டம். அதிலிருந்து மண்ணில் விழுந்து துள்ளும் பொறிகள். அப்பத்தா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உங்கப்பா சுத்தும்போது ஒரு நாளும் இப்படி முழுசாப் பாத்ததில்லடா. கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள போயிரும்" என்றார் மகனிடம்.

ஒரு சுருள்

மார்கழி பிறந்து ஒரு வாரம். மறுநாள் டாக்டரிடம் போக வேண்டிய நாள். இரவு சாப்பிட்டு முடித்ததும் அப்பாவே டிரைபாடை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

"இன்னிக்கு என்னப்பா வரையறீங்க?"

"சுருள்."

மகள் ஒன்றும் கேட்கவில்லை. ஃபோகஸைப் பூட்டினாள். "ம்!"

நடுவில் ஒரு புள்ளியாகத் தொடங்கிய வெளிச்சம், சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. கடைசிச் சுற்றுக்கு அவர் கையை முழுசாக நீட்டி, குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. "போதும்!"

படத்தில் அதே அலைகள் இருந்தன. குறைந்ததாகவும் தெரியவில்லை, கூடியதாகவும் தெரியவில்லை.

"டாக்டர் பேப்பரைக் கொடுத்தா, இதையும் காட்டணும்" என்றார். "எந்தத் தேதினு படத்துல இருக்கும்ல?"

"இருக்கும்ப்பா."

"அப்ப சரி. தை மாசம் ஒண்ணு எடுப்போம்."

டிரைபாடை மடக்கி, மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். பரணுக்கு ஏற்றவில்லை.